இயல்பான இழப்பு

தெமிர்தௌ, பிப்ரவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஆலைச் சேமிப்பறையில் நானும் ஒரு தராசும்.

கார்பைடிலிருந்து எழும் அசிட்டிலீனுக்குப் பூண்டு நாற்றம்.
இரண்டு கரிமம், நடுவே மூன்று பிணைப்பு,
மூன்று காலையும் சேர்த்துக் கட்டிய குதிரை மாதிரி.
தண்ணீர் தனியாகப் போய் நின்றால்
திரும்பிக்கூடப் பார்க்காது.
கந்தக அமிலம் வேண்டும், சூடு வேண்டும்,
கட்டைப் பிடித்துத் தளர்த்தப் பாதரசம் வேண்டும்.

முதலில் பிறப்பது எனால்.
பெயர் வைப்பதற்குள் ஆள் மாறிவிடும்.
ஆக்ஸிஜனை விட்டு ஒரு ஹைட்ரஜன் நகர,
பக்கத்துக் கரிமத்தில் ஒன்று வந்து உட்கார,
இரட்டைப் பிணைப்பு இந்தப் பக்கம் தாவ,
குழாயின் மறுமுனையில்
அசிட்டால்டிஹைடு.
மரமே இல்லாத புல்வெளியில்
பழுக்காத ஆப்பிளின் வாசனை.
அல்மாட்டியில் இருக்கும் என் தங்கை
நம்பமாட்டாள்.

வினையூக்கி வினையில் செலவாவதில்லை.
தொழிற்பள்ளியில் இந்த வரியை எழுதித்தான்
நான் தேறினேன்.

ஜனவரியில் கொடுத்தது பதினோரு குடுவை.
மீட்டு அனுப்பியது ஏழே கால்.
குடுவை ஒன்று முப்பத்து நான்கரை கிலோ.
மூன்று முறை கூட்டினேன்.
தராசைத் துடைத்து, எடைக்கல்லை மாற்றி,
மறுபடியும்.
கணக்கு உதைக்கிறது.

பொறியாளர் யெர்மெக் பேனா மூடியைக் கடித்தார்.
"இயல்பான இழப்பு என்று போடு, ரௌஷான்.
போன வருஷப் பேரேட்டைப் பார்."
பார்த்தேன்.
அதே இரண்டு சொல், வேறொருத்தியின் கையெழுத்தில்,
மாதம் தவறாமல்.

அங்கிருந்து என் மேசை வரை நாற்பது அடி.
அந்த நாற்பது அடியும்
நான் வேறு யாரோவாக இருந்தேன்.
உட்கார்ந்ததும் எழுதினேன்.
எழுத்து அழகாகத்தான் விழுந்தது.

நூரா ஆறு எல்லா இடத்திலும் உறைந்திருக்க
எங்கள் கழிவுவாய்க்கால் சேரும் இடத்தில் மட்டும்
ஆவி பறக்கும்.
பனியைத் துளைக்க வேண்டாம், பாடு மிச்சம் என்று
வெல்டர் துலெகென் அங்கேதான் தூண்டில் போடுவார்.
இன்று கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து
செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை நீட்டினார்.
"குழந்தைகளுக்கு."
வால் இன்னும் விறைக்கவில்லை.

அவர் கையுறையை மாட்டுவதற்குள்
மீனைத் தராசில் வைத்துவிட்டேன்.
"காசா கேட்டேன்?" என்று சிரிக்கிறார்.

முள் ஆடி ஆடி நிற்கிறது.
ஒரு கிலோ இருநூற்று நாற்பது.

இதில் மீன் எவ்வளவு?