வியாழன், இரவு 11:40

பீல் நகரில் தெருவுக்கே இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
என் கோப்புக்கு ஏழு.
சாமத்தியம்_முடிவு
சாமத்தியம்_முடிவு2
சாமத்தியம்_இதுதான்_முடிவு
என்று போய், கடைசியில்
சாமத்தியம்_முருகா.
ஏழும் திறக்கவில்லை.

ஈரச் சொக்ஸ் காயும் ஹீற்றருக்குப் பக்கத்தில்
கொம்பியூட்டர் மூன்று தரம் இருமியது,
நீலமாகி, கறுத்துப்போனது.
இவர் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இரவு வேலை.
யாரை எழுப்ப?

படங்களுக்கு ஒன்றுமில்லை.
கமெராக்காரர் தந்த கார்டுகள்
தேயிலை டின்னுக்குள் பத்திரம்.
போனது என் வெட்டுகள்:
எந்த நொடியில் தொடங்கு, எதில் நிறுத்து,
யாரை விடு, யாரைத் தாண்டு என்ற
சின்னக் குறிப்பு.
எட்டு இரவு வேலை, ஒரு போட்டோவின் பாரம்கூட இல்லை.

யோகமலர் அக்கா சொன்னது ஒரு வரிதான்.
"தம்பியை எடுத்துவிடும், தங்கச்சி."
விழா முடிந்து ஐந்து மாதத்தில்
சீட்டுக்காசில் முறிந்த உறவு.
பதினெட்டாயிரம் பிராங்க் என்று சொல்கிறார்கள்,
நான் கேட்கவில்லை.

சாமத்திய வீட்டில் தாய்மாமனை எடுப்பதென்றால்
பந்தலில் காலை எடுப்பது.
நாற்பத்து மூன்று இடம்.
அருகே இழுத்து, ஓரம் நறுக்கி,
செம்பு தானாகச் சரிய வைத்தேன்.
சங்கிலி கையில்லாமல் வந்து
அக்சராவின் கழுத்தில் ஏறியது.
குத்துவிளக்கின் பித்தளையில் மட்டும்
வளைந்த சின்ன முகமாக நின்றார்.
அதையும் மங்கலாக்கினேன்.

பழைய டிஸ்கைக் கழற்றி
மகனின் பள்ளிக்கூட லாப்டொப்பில் பூட்டினேன்.
மீட்கும் மென்பொருள் மூன்று மணித்தியாலம் என்றது,
பிறகு பதினான்கு,
பிறகு இரண்டு நிமிடம்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு தேத்தண்ணி. இன்னொன்று.
ஆறாயிரம் கோப்புகள் கரையொதுங்கின,
பெயர் போய், எண் மட்டும் மிஞ்சி.
கலியாண வீடுகள், வரிக்கடிதம்,
நான் எப்போதோ எழுதி அனுப்பாத வேலை விண்ணப்பம்.

தானாகச் சேமித்த கூடையின் அடியில்
ஒன்றே ஒன்று திறந்தது.
வியாழன், இரவு 11:40.
வெட்டத் தொடங்குவதற்கு முதல்நாள்.

முழுக்கச் சிவப்புக் கட்டங்கள்.
காணவில்லை, காணவில்லை, காணவில்லை.
ஒவ்வொன்றுக்கும் அதனதன் படத்தைக் காட்டிக்கொடுத்தேன்.
லீஸ் மண்டபம் கதிரை கதிரையாக எழும்பியது,
நடுவில் செல்வநேசன்,
கோட்டு வேர்த்து முதுகோடு ஒட்ட,
குடையைத் தலைகீழாய்ப் பிடித்துச் சிரித்துக்கொண்டு.

ஆறு மணிக்கு அக்காவை எடுத்தேன்.
ஆஸ்பத்திரிக் குசினியில் நின்றா.
தட்டுகள் மோதும் சத்தம்.
"பழையதுதான் கிடைச்சது, அக்கா.
திரும்ப வெட்ட எட்டு நாள் தாங்கோ."

தட்டுகள் கொஞ்ச நேரம் மோதின.

"தண்ணி வாக்கேக்க என்ன செய்யிறான்?"

இத்தனை இரவும் ஓரத்தையே பார்த்திருந்தேன்,
இன்றைக்குத்தான் கையைப் பார்த்தேன்.
"வாக்க முதல் விரலை விட்டு
சூடு பாக்கிறார், அக்கா.
காணாதெண்டு ஆரையோ கூப்பிடுறார்,
சுடுதண்ணி வந்தாப்பிறகுதான் வாக்கிறார்."

"ம்."
யாரோ அவவை பிரெஞ்சில் கூப்பிட்டார்கள்.
"வெட்டும். சொன்னமாதிரி வெட்டும்."
பிறகு, வாயைக் கையால் மூடியவள்போல்,
"உதையும் எங்கையாவது போட்டு வையும்."
என்ன பெயரில் என்று கேட்பதற்குள்
வைத்துவிட்டா.

மகன் எழும்பி வந்து
ஹீற்றரில் ஒற்றைச் சொக்ஸைத் தேடுகிறான்,
தன் லாப்டொப்பைக் கேட்கிறான், எட்டரைக்குப் பள்ளிக்கூடம்.
பெயர் எழுதும் கட்டத்தில்
கோடு மினுங்கிக்கொண்டு நிற்கிறது.
இரு, ராசா. இரு.