பிந்தி வந்த காய்ச்சல்

எங்கட வீட்டிலை எல்லாருக்கும் வந்தது.
இவர் மூச்சு முட்டிப் பத்து நாள் வாட்டிலை.
எனக்கு மணமும் ருசியும் போய்
கருவாட்டுச் சட்டியும் வெறுந்தண்ணியும் ஒண்டாப் போச்சுது.
றொக்சனுக்கு ரெண்டு தும்மல்.
ஒரு பின்னேரம் நெற்றி கொஞ்சம் சுட்டது, அவ்வளவுதான்.

பிள்ளையளுக்கு ஒண்டும் செய்யாதாம் எண்டு
மேல்மாடி எமில்டா
கயித்திலை கட்டி இறக்கின பாண் பையோடை சேர்த்துச் சொல்லிவிட்டாள்.
நானும் நம்பினன்.
நம்புறதுக்கு ஏதாவது வேணுமாயிருந்தது.

சுகாதாரப் பரிசோதகர் கதவிலை ஒட்டிப்போட்டுப் போன தாளிலை
றொக்சன் நீலக் கலராலை வள்ளம் கீறினான்.
கதவை நீக்கி, கையை மட்டும் வெளியிலை விட்டுக் கீறினது,
அதாலை கொஞ்சம் சரிஞ்சு கிடந்தது.
பதினாலாம் நாள் தாளைக் கிழிக்கேக்கை
அணியம் மட்டும் கதவோடை நிண்டிட்டுது.

ஐஞ்சாம் கிழமை.
இவர் திரும்பவும் கடலுக்குப் போகத் தொடங்கி,
குருநகர் முழுக்க மீன் மணம் எனக்குத் திரும்பி வந்து,
நாங்கள் எல்லாத்தையும் மறந்திருந்த ஒரு வியாழன்
பிள்ளை அடுப்புக்கல்லாச் சுட்டான்.
கண் ரெண்டும் சிவப்பு. பீளை இல்லை.
வயிறு நோகுதம்மா எண்டான். பிறகு சத்தி.
பிறகு முதுகெல்லாம் தடிப்பு.

டெங்குவாக்கும் எண்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினன்.
அந்த டொக்டர் பிள்ளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்திட்டு
"ஸ்ரோபரி மாதிரி" எண்டு மற்றவவுக்குச் சொன்னா.
நான் ஸ்ரோபரி கண்டது யோகட் கப்பின்ர படத்திலை மட்டும்தான்.
அந்தக் கப்பைக் கழுவி
யன்னலிலை அடுக்கி வைச்சிருக்கிறான் இவன்.

வீட்டிலை ஆருக்கும் கொரோனா வந்ததோ?
அது போய் ஒரு மாதம் டொக்டர் எண்டன்.
"ஓம், அது போட்டுது.
போனதை உடம்புதான் இன்னும் நம்பேல்லை.
ஆளில்லாத இடத்தைப் பார்த்து
அடிச்சுக்கொண்டே நிக்குது."

எனக்கு உடனை விளங்கிச்சுது.
இந்த ஊரிலை அது விளங்கப் படிப்பு வேண்டாம்.

திரையிலை அவன்ர இருதயம்
வலைக்குள்ளை கணவாய்க்குஞ்சு மாதிரித் திறந்து மூடிச்சுது.
களைச்சுப் போச்சு எண்டிச்சினம்.
ஏழு வயசு இருதயம். என்ன வேலை செய்து களைச்சது?

இரவு முழுக்க ஒரு போத்தில் ஏறிச்சுது.
ஆயிரக்கணக்கான ஆக்களின்ர ரத்தத்திலை இருந்து
வடிச்செடுத்த மருந்தாம், மிசி சொன்னா.
எந்தத் தேசத்து ஆக்களோ.
எங்கட கதவைக் கண்டு
மற்றப் பக்கத்தாலை ஒதுங்கிப் போனவையை நினைச்சன்.
முகம் தெரியாத இவையள்
கையை நீட்டிக்கொண்டு இருந்ததையும் நினைச்சன்.
செபமாலையிலை நான் நித்திரையாய் விட்ட மணியிலை இருந்து
துளி எண்ணிக்கொண்டு போச்சுது.

இப்ப எட்டு மாதம்.
கிளினிக் கொப்பி. அரைக் குளிசை.
ஓடாதை, ஓடாதை எண்டு சொல்லிச் சொல்லி
அதுவே அவன்ர பேராப் போச்சு.

இண்டைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை
ரெண்டாம் மாடிப் படியிலை நிண்டு
குனிஞ்சு சப்பாத்து லேசைச் சரிபண்ணினான்.
லேஸ் இல்லாத சப்பாத்து அது.

நான் ஒண்டும் கேக்கேல்லை.
புத்தகப் பையைக் கீழை வைச்சிட்டு
எனக்கும் முழங்கால் நோகுது,
கொஞ்சம் நில்லு எண்டன்.