முத்திரையிடாத அளவு

ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகத் தடை.
பழவேற்காட்டில் அன்று எல்லாரும் கரையில்தான் இருப்பார்கள்
என்றுதான் சோதனைக்கு அந்தத் தேதியைக் குறித்தேன்.

மைமூன் பீவி கயிற்றுக்கடை.
தராசு சரி. எடைக்கற்கள் சரி. மீட்டர் கோல் இல்லை.
"அப்ப கயிற எதால அளக்கறீங்க?"
"வாங்கறவங்க கையால."

ஏகாட்சரம் வந்தார். நைலான் கயிற்றைப் பிடித்து
மார்புக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து
ஒரு பாகம், ரெண்டு பாகம் என்று இழுத்து இழுத்துப் போட்டார்.
முப்பது.
நெட்டை ஆள். என் கண்ணெதிரே அந்தம்மாவுக்கு நட்டம்.

"குட்டையா ஒருத்தர் வருவாரு, சரியாப் போயிடும்.
தண்ணி ஆழத்த அவரு தன் கையாலதான சார் பாத்து வச்சிருக்காரு?
உங்க மீட்டர்ல குடுத்தா கல்லு தரையப் போய்ச் சேருமா?"

சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை.
அபராதம் இருக்கிறது.

இரக்கம் தீவிலிருந்து படகில் வந்த சுப்பராமய்யா
சாக்குமேல் உட்கார்ந்தபடி சிரித்தார்.
ஏரிக்குள் எங்கோ ஒரு எல்லைக்கோடு. தாண்டினால்
சாண் ஜான, முழம் மூர, பாகம் பார.
கை மட்டும் அதே கை.

கடை டிவியில் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்:
நிலவு மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரத்து
நானூறு கிலோமீட்டர்.
"அது எத்தன பாகம் சார்?" என்றார் ஏகாட்சரம்,
கயிற்றுக்கு விலை கேட்கிற குரலில்.

யாருடைய பாகம் என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

நாடாவை எடுத்தேன். முத்திரை போட்ட நாடா.
ஏகாட்சரம் நூற்று எண்பத்திரண்டு சென்டிமீட்டர்.
மைமூன் பீவி, பேத்தியை விட்டு அளக்கச் சொல்லி, நூற்று ஐம்பத்தாறு.
அபராதச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
அவருக்கு இருபத்தொரு கோடியே பன்னிரண்டு லட்சம்.
அந்தம்மாவுக்கு இருபத்து நாலு கோடியே அறுபத்து நாலு.

"பாத்தியா, எனக்குத்தான் தூரம்" என்றாள் பீவி.
அதில் வருத்தம் இருந்ததா பெருமை இருந்ததா தெரியவில்லை.

சாணில் சொல்லுங்கள் என்றார் அவர்.
இடது கையை மேசையில் விரித்தார்: இருபத்திரண்டு.
வலது கையை விரித்தார். சுண்டுவிரல் இல்லை.
இன்ஜின் பெல்ட் எடுத்துக்கொண்டதாம், ஆறு வருஷம் முன்னால்.
மோதிரவிரல் வரைக்கும் இருபது.

போட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறையும் போட்டேன்.
அந்தப் பெல்ட் ஓடிய ஒரு நொடியில்
அவருடைய வலப்பக்கத்து நிலா
பதினேழரைக் கோடி சாண் தள்ளிப் போயிருக்கிறது.
இடப்பக்கத்து நிலா இருந்த இடத்திலேயே.

அவர் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார்.
"அதான் இந்தக் கையில எது எடுத்தாலும் எட்டல" என்றார்.
எல்லாரும் சிரித்தோம். கொஞ்சம் தாமதமாக நானும்.

அப்போது வடக்கே நெருப்பு எழுந்தது.
சத்தம் இல்லை. சத்தம் வர ஒரு நிமிஷத்துக்கு மேலாகும்.
தெருவில் ஆட்கள் கையை நீட்டி
தென்னந்தலைக்கு மேல் விரல் வைத்து அளந்தார்கள்.
நாலு விரற்கடை. ஒரு சாண். சாணுக்கு மேல.
சுப்பராமய்யா ஜான என்றார். யாரும் திருத்தவில்லை.
பிறகு தகரக் கதவு அதிர்ந்தது. ஆணியில் தொங்கிய கயிறெல்லாம் ஆடியது.

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது:
பறிமுதல் செய்யப்பட்ட அளவுக் கருவி.
பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.
"எழுதுங்க சார், ரெண்டு கை" என்றாள் பீவி,
டீயை நீட்டிக்கொண்டே.

பொன்னேரி பஸ்ஸில் உட்கார இடமில்லை.
ஜன்னலுக்கு வெளியே அது கூடவே வந்தது, தேய்ந்த பக்கம் மேலாக.
என் பாகம் எவ்வளவு என்று எனக்கு இன்னும் தெரியாது.
ஒரு கை கம்பியில். இன்னொன்றில் பை.
விரித்துப் பார்க்க
யாராவது இறங்கவேண்டும்.