இடது கார்னர்

சோமனூருக்குத் தெற்கே, நாற்பது தறி ஓடும் கொட்டகையில்
யாரும் யாரோடும் வாயால் பேசுவதில்லை.
கைதான்.
கட்டைவிரல் சாய்ந்தால் தண்ணீர்,
மணிக்கட்டைத் தட்டினால் மணி எத்தனை,
காதைத் தொட்டால் ஓனர் வருகிறார்.
நோம்பி முடிந்த இந்த ஒரு வாரமாகப்
புதிதாய் ஒன்று சேர்ந்திருக்கிறது:
குனிந்து தன் கணுக்காலைத் தானே பிடித்துக்காட்டி
உதட்டைப் பிதுக்குவது.
பொருள்: சிகாமணியை எடுக்கலாமா, வேண்டாமா.

ஞாயிறு ராத்திரி சைசிங் மில் பின்னால்
அவிநாசிக்காரர்களோடு கபடி.
ஆறு பேர் முடிவாகிவிட்டது.
இடது கார்னரில்தான் இழுபறி.

மருதாசலம் முழங்காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி,
துருப்பிடித்த கீல் மாதிரி முகத்தைக் கோணுகிறான்.
வேலாத்தா கழற்றிய நாடாவை அவன் பக்கம் ஆட்டுகிறாள்:
போன வருசம் கப்பு யாரால வந்துது?
பிறகு தரையைக் காட்டுகிறாள்,
பத்து விரல், அப்புறம் இரண்டு.
பன்னிரண்டு மணி நேரம் இந்த சிமெண்டில் நிற்கிற கால்
வேறெப்படி இருக்கும் என்கிறாள்.

கணக்கு என்னிடம் இருக்கிறது.
என் மூன்றாம் தறியின் சட்டத்தில், சாக்குக்கட்டியில்.
கடைசி ஐந்து ஆட்டம்: சிகாமணி
பதினெட்டு முறை பாய்ந்தான், பிடித்தது இரண்டு.
ரஞ்சன் நாயக் இறங்கியது ஒரே ஆட்டம்,
அதுவும் இடைவேளைக்கு அப்புறம். நாலுக்கு மூணு.
ஒரு ஆட்டத்தில் ஆளை அளப்பது
ஒரு முழம் ஓட்டிவிட்டுப் பாவு நல்ல பாவு என்பது மாதிரி.
இது என் கருத்து. யாரும் கேட்கவில்லை.

ரஞ்சன் ஒடிசாக்காரன், தார் சுற்றுகிறான்.
ஊர்ப் பேரில் ஆடும் டீமில் இவனா
என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.
அதற்கு மட்டும் ஜாடை கிடையாது.
இருந்தும் அவனுக்குப் புரிந்துவிடும்.
தமிழுக்கு முன்னால் அவன் படித்தது எங்கள் விரல்களை.

மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.
கை போதாமல் அப்போது மருதாசலம்
வேலாத்தாவின் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தான்.
தறிகள் நின்றன. குரல் நிற்கவில்லை.
தகரக் கூரையில் போய் இடித்தது:
"அவங் காலு செத்துப் போச்சுங்கறேன்,
இன்னும் எத்தன நாளைக்குச் சொமக்கறது!"

எட்டாம் தறியில் சிகாமணி
அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான்.
முடிந்து முடித்தான்.
மீதி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினான்.
எந்த வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.
எத்தனை என்று எண்ணினேன், வேறென்ன செய்ய.

அப்புறம் என் தறிக்கு வந்தான்.
இடது காலை வைக்குமுன்
ஒரு நொடி யோசித்து வைக்கிறான்.
காலரியிலிருந்து பார்த்தால் இது தெரியாது.
சட்டத்தைக் குனிந்து படித்தான்.
"ரெண்டில்லீங்க்கா, மூணு.
பெருந்துறை ஆட்டத்துல போனஸ் கோட்டுக்கிட்ட
ஒருத்தனப் புடிச்சனுங்ளே, அத உட்டுப்போட்டீங்."
விரலால் அழித்து மாற்றினேன்.
பதினெட்டுக்கு மூணு.
அதனால் ஒன்றும் ஆகிவிடாதென்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மருதாசலம் எண்ணெய் டப்பாவைத் தேடிப் போனான்.
டப்பா அவன் கையிலேயே இருந்தது.

கரண்ட் வந்தது. சத்தம் வந்தது.
எல்லோருக்கும் மூச்சு வந்தது.
ரஞ்சன் தார்க்கூடையோடு எட்டாம் தறி வரைக்கும் போய்
கூடையை இறக்காமல் நின்றான்.
இரண்டு கையும் கூடையில் இருக்க
எதைக் கேட்டானோ, எப்படிக் கேட்டானோ.

சிகாமணி ஏழு விரல் காட்டினான்.
ஒன்றை மடக்கினான்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி நிமிர்த்தினான்.

மடக்கியது யாரை, நிமிர்த்தியது யாரை என்று
ராத்திரி ஷிஃப்டுக்காரர்கள் வந்து தறி வாங்கும்வரை தகராறு.
சுண்டுவிரல் என்கிறேன் நான்.
வேலாத்தா, இல்லை, மோதிர விரல் என்கிறாள்.
மருதாசலம்
அந்தப் பக்கமே பார்க்கவில்லை என்கிறான்.