காலி எடை

மாட்டுச் சந்தையென்றால் துண்டுக்குள் விரல் பிடிப்பார்கள்.
இங்கே கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.
காரைக்குடி, திருச்சி ரோடு,
ஏசி ஓடும் கண்ணாடிக் கடை.
புதுவயல் தவிட்டுத் தூசி புடவையில் இருக்க
நான் உட்கார்ந்த சோபாவை
துடைக்கிற பையன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பிக்கப் ஆன்ரோடு ஒன்பது எண்பத்துநாலுக்கா"
என்றான் சேவுகமூர்த்தி. சட்டைப் பையில் நாலு பேனா.
ஒன்பது லட்சத்து எண்பத்துநாலாயிரம்.
பதினேழு வருஷம் தவிடு வாங்கி விற்கிறவள்
மூட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை,
கையை உள்ளே விட்டால் போதும்.
விட்டேன்.
ஹேண்ட்லிங் சார்ஜ் எட்டாயிரத்து ஐந்நூறு.
யார் எதைத் தூக்கினார்கள்?
ஆக்சசரீஸ் கிட் பதினாலாயிரம்.
பிரித்தால் இரண்டு ரப்பர் விரிப்பு, ஒரு சாவிக்கொத்து,
சேறு தெறிக்காமல் சக்கரத்துக்குப் பிளாஸ்டிக் காது.
இன்சூரன்ஸ் நாற்பத்தாறாயிரம்.
நேற்று தேவகோட்டையில் கேட்டது முப்பத்துமூன்று.
தவிட்டில் தண்ணீர் தெளித்தால் எடை எப்படி ஏறும் என்று
எனக்குத் தெரியாதா தம்பி.

"மேனேஜர்ட்ட கேட்டுட்டு வர்றேன்க்கா."
மூன்று தரம் போனான்.
மூன்று தரமும் கண்ணாடி வழியே பார்த்தேன்.
மேனேஜர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
இவன் சுவரோரம் நின்று தண்ணீர் குடித்தான்.
ஒரு பேச்சில்லை.
பிறகு முகத்தைத் தொங்கப்போட்டு வந்து
மூவாயிரம் குறைத்தான்.

நானும் சும்மா இல்லை.
"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று
வெளியே போய், போனைக் காதில் வைத்துத் தலையாட்டினேன்.
போனில் சார்ஜ் தீர்ந்து அரைமணி ஆகிறது.
வீட்டில் கேட்க ஒரு கருப்புப் பூனை இருக்கிறது.
டிரைவர் அடைக்கலம் மட்டும் பார்த்துவிட்டு
டீ கிளாஸுக்குள் சிரித்தான்.
வாடகை வண்டிக்கு நடைக்கு ஆயிரத்து நானூறு
ஒவ்வொரு நாளும் எண்ணிக் கொடுப்பவன் அவன்தான்.

திரும்பும்போதுதான் வண்டியை ஒருதரம் சுற்றினேன்.
கதவோரத் தகட்டில் பொடி எழுத்து.
போன வருஷம், பத்தாம் மாதம்.
இப்போது மாசி.
"பழைய அரிசிக்கு விலை கூட.
பழைய வண்டிக்குமா?"
சேவுகமூர்த்தி பேனாவை மூடினான்.
ஆரஞ்சு வாசனையோடு மேனேஜர் எழுந்து வந்தார்.

ஒன்பது முப்பத்தெட்டு.
அங்கே வந்து நின்றது.
"இதுல எனக்கு ஒண்ணும் நிக்காதுக்கா" என்றான்,
மேனேஜர் போனபிறகு, மெதுவாக.
பால்மாட்டுக்காரர்களிடம்
நான் தினமும் சொல்கிற வார்த்தை.
நான் சொல்லும்போது பாதிதான் பொய்.
இவன் சொன்னதில் எவ்வளவு என்று
கையை விட்டுப் பார்க்க அது மூட்டையில்லை.
முப்பத்தைந்து என்று கேட்கத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.
ரப்பர் விரிப்பை மட்டும் விடவில்லை.

எட்டாம் நாள் நாலு எலுமிச்சை நசுங்க,
ஐந்து லிட்டர் டீசலோடு வண்டி வெளியே வந்தது.
நேரே புதுவயல் எடைமேடை.
மில்லில் காலி எடை எழுதிக் கொடுக்க வேண்டும்.
இனி ஒவ்வொரு லோடிலும் அதைக் கழித்துத்தான் பில்.
"இறங்க வேணாம்க்கா, வெயிலா இருக்கு" என்றான் லூர்து,
சீட்டுப் புத்தகத்தில் கார்பன் செருகியபடி.
அடைக்கலம் எப்போதும் உள்ளே இருப்பவன்,
அவன் கணக்கு சரி.
நான் அறுபத்தெட்டு கிலோ.
உட்கார்ந்திருந்தால் லோடுக்கு அறுபத்தெட்டு கிலோ தவிடு
சும்மா வரும்,
இந்த வண்டி ஓடும் காலம்வரை.

புது சீட்டின் பிளாஸ்டிக் உறை
முதுகில் சூடாக ஒட்டியிருந்தது.
கண்ணாடியில் லூர்து பேனாவோடு காத்திருந்தான்.

இறங்கினேன்.
உடனே இல்லை.