மூன்றாம் பாடவேளை

ஜூலை முழுக்கச் சிவப்பு மையில்
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின்
தாமதங்களைக் குறித்துவைத்தேன்.
ஏழு பெண்கள். எப்போதும் அதே ஏழு.
காரணிப்படுத்துதல் பாதியில் இருக்கும்போது
கதவில் வந்து நிற்பார்கள்,
செருப்பில் ஈரமண்,
விரல்நுனியில் பச்சைக் கறை.

தலைமையாசிரியை ஜெபராணி
ஒரு திங்கட்கிழமை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.
என்னை அளக்கத்தான் என்று
கையெழுத்தை அழகாக்கினேன், குரலை உயர்த்தினேன்,
தெரிந்த கேள்வியைத் தெரிந்த பையனிடம் கேட்டேன்.
செவ்வாயும் வந்தார். புதனும்.
நோட்டில் என்ன எழுதினாரோ.

வியாழன் விடியலில்
ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
எழுமலை ரோட்டுப் பூக்காட்டுக்குப் போயிருக்கிறார்.
மொட்டு விரியுமுன் கமிஷன் கடை சேர வேண்டும்.
எட்டரை பஸ் போனால் அடுத்தது ஒன்பதே கால்.
பொன்னாங்கன் மகள் மாயக்காள்
நிரையில் நின்றபடியே சொன்னாளாம்.
என்னிடம் அவள் சொன்னதில்லை.
நான் கேட்டதுமில்லை.

வெள்ளியன்று ஆசிரியர் அறைச் சுவரில்
பென்சிலால் போட்ட புதிய கால அட்டவணை.
முதல் மணி விளையாட்டு. கணக்கு மூன்றாவது.
தவசி சார் டீ கிளாஸை நங்கென்று வைத்தார்.
"அப்ப எம் பாடத்துக்குப் பிள்ளைக வரவேணாமா?"
நியாயமான கேள்வி.
அம்மையார் ரப்பரை எடுத்தார்.
விளையாட்டு இருந்த கட்டங்களை அழித்து
வாசிப்பு என்று எழுதி
பக்கத்தில் தன் பெயரைப் போட்டார்.

நானும் விடவில்லை.
"காலையிலதான் மேடம் மூளை தெளிவா இருக்கும்."
"யாருக்கு சார்?"

பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினார்.
என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.
ஒரு செவ்வகம், வலப்புறம் கோடுகோடாக நிழல்.
கீழே: ஜன்னல் வெயில்,
கடைசி மூன்று பெஞ்சுக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை.
பதினோரு வருஷமாக
நான் விடை எழுதுகிற பக்கம் அது.

யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று
அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததாகக் கேள்வி.
எங்களிடம் காட்டவில்லை.
ஜன்னலுக்குப் பழைய பேனர் துணி வந்தது,
தலைகீழாக ஏதோ காதுகுத்து விழா.

அரையாண்டில் மாயக்காள் முப்பத்தொன்று.
தேறவில்லை.
விடைத்தாளோடு என் மேசைக்கு வந்து
ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
"நாலு மார்க் எங்க போச்சு, பாப்போமா?"
அவளைக் கூப்பிடவில்லை.
நான் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு
அவர் பென்சிலைக் கேட்டு வாங்கினேன்.