கழிவு போக

ஹாலி-எலவுக்கு மேலே, தொழிற்சாலையில்,
மூன்றாம் நம்பர் ரோலர்
நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று.
பொருத்திய நாளிலிருந்து திரும்பிய கோணம் முழுவதையும்
ஒரே எண்ணாய்க் கூட்டிக்கொண்டே போகிறது என் கருவி.
ஓடிய மணி எழுபத்தொன்பதைத் தொட்டபோது
சுவர்ப்பக்கம் நின்ற கிராங்கை
வாசல்பக்கம் என்றது திரை.
கதவு தப்பான நேரம் திறந்து
அரைபட்ட கொழுந்து தரையெங்கும்.
மெக்கானிக் அமிர்தநாயகம் போன் எடுத்தார்:
"ரோதை முனிக்குக் கற்பூரம் காட்டியாச்சு தங்கச்சி.
இனி உங்க பக்கந்தான் பாக்கணும்."

பார்த்தேன்.
பை என்ற இடத்தில் 3.1416.
நானேதான் எழுதியது. அவசரத்தில் அல்ல, சோம்பலில்.

ஒரு சுற்றுக்குப் பிழை
ஓர் ஆரையனின் லட்சத்தில் ஒன்றரைப் பங்கு.
சல்லடையில் தங்காத தூசி.
ஆனால் சைனிடம் கொடுக்குமுன்
இரண்டு லட்சத்துப் பதின்மூவாயிரம் சுற்றைக் கழிக்கிறேன்,
கழிக்கும் ஒவ்வொரு தடவையும்
கொஞ்சம் கூடவே எடுத்துவிடுகிறேன்.
கூட எடுத்தது சேர்ந்து அரைச் சுற்று.

அம்மாவின் சாக்கைத் தராசில் மாட்டியவர்
ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்பார்.
பதினெட்டுக்கு ஒன்று குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்.
இருபத்தாறு வருஷம்.
அந்தப் பெருக்கலை நான் போட்டுப் பார்த்ததில்லை.

கருவி கொள்ளும் பதினாறு இலக்கத்தையும்
பைக்கு எழுதி அனுப்பினேன்.
ரோலருக்கு அது போதும்,
துருப்பிடிக்கும் வரைக்கும் போதும்.
தூக்கம் போனது அதற்குப் பிறகுதான்.

பத்தின் இருபத்திரண்டாம் அடுக்கு:
பத்தின் அடுக்குகளில்
துளி சிந்தாமல் ஐம்பத்துமூன்று பிட்டுக்குள் அடங்கும்
கடைசி எண் அது.
அதன் சைன் என்ன என்று கேட்டேன்.
மேசைக் கணினி ஒன்று சொன்னது. கருவி வேறொன்று.
பழைய மடிக்கணினி
கேட்ட எண்ணையே திருப்பித் தந்தது,
லயத்துக்கு வந்த கடிதத்தை
முகவரி போதாது என்று
தபால் கந்தோர் திருப்புவதுபோல.

"ரோலர் அந்தக் கணக்குக்கு எப்ப வரும்?"
அறுபத்தேழு லட்சம் கோடி வருஷம் என்றேன்.
"அதுக்குள்ள பெயரிங் போயிரும்" என்றார் அமிர்தநாயகம்.

போகட்டும். எண் வந்துவிட்டது.
வந்த எண்ணுக்கு ஒரே ஒரு சைன்தான்.
தூரத்தில் இருக்கிறது என்பதற்காக
அதற்கு அரைப்பேர் போட என்னால் முடியாது.

தெமோதரவில் ரயில்
குன்றை ஒரு வளையம் சுற்றி
தான் நின்ற நிலையத்துக்கே அடியில்
சுரங்கத்துக்குள் போகிறது.
எத்தனையாவது சுற்று என்று சைன் கேட்பதில்லை.
எங்கே நிற்கிறாய், அவ்வளவுதான்.
சுற்றை மறக்கலாம். சரியாக மறப்பதற்கு
அதன் நீளம் எனக்குக் கடைசிவரை தெரிய வேண்டும்.

எனவே இரண்டைப் பையால் வகுத்து
ஆயிரத்து இருநூறு பிட்டுக்கு எழுதிவைத்தேன்.
பெருக்கும்போது
முழுச்சுற்றாய்ப் போய்விடும் தலைப்பகுதியைத்
தொடவே இல்லை.
வால் முழுவதும் வேண்டாம்.
நடுவில் ஒரு துண்டு, அதைத்தான் பெருக்கினேன்.
சில எண்கள் கால்சுற்றின் மடங்கை
உரசிக்கொண்டு நிற்கும்.
அப்போது முன்னிலக்கமெல்லாம் ஒன்றையொன்று தின்று
கையில் பூச்சியமாய் மிஞ்சும்.
வாலை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும்.
இழுத்தேன். மறுபடி இழுத்தேன்.

விடிய நாலு மணிக்கு
மூன்று பெட்டிகளும் மறை 0.8522 என்றன,
அதற்கப்பால் கடைசி இலக்கம்வரை ஒரே குரலில்.
சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா
பெரட்டு இல்லாத பெரட்டு நேரத்துக்கு
எழும்பி அடுப்பு மூட்டினார்.

எட்டு மணிக்குப் போன்.
"மூணாம் நம்பர் நல்லா ஓடுது தங்கச்சி.
ரெண்டாம் நம்பர்லதான்
பெயரிங் சத்தம்."